சுருட்டு தீர்ந்த பிறகு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் விற்ற சுருட்டுப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஓர் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருக்கும். இந்தச் சுருட்டைத் தயாரித்தவர் சட்டப்படி செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருக்கிறார், இதே பெட்டியில் யாராவது மறுபடி சுருட்டு அடைத்தால் தண்டனை உண்டு என்பது அதன் சாரம். அரசாங்கத்துக்கு வரிப்பணத்தைப் பற்றிய கவலை. பழைய பெட்டியில், கிழிக்காத பழைய முத்திரையோடு, வரி கட்டாத சுருட்டை அடுக்கி விற்றுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

சட்டம் தன் வேலையைச் செய்தது. கூடவே, தான் நினைக்காத ஒன்றையும் செய்தது. நல்ல மரத்தில் செய்த பெட்டிகள் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் காலியாயின. எதற்காகச் செய்தார்களோ அதற்கு அவை இனி உதவாது. வேறு எதற்கு வேண்டுமானாலும் உதவலாம், அதைச் சட்டம் தடுக்கவில்லை. அடுப்படியில் பொத்தான் பெட்டியாகவும், தச்சரிடம் ஆணிப் பெட்டியாகவும், கடையில் கல்லாவாகவும் அவை வேலைக்குச் சேர்ந்தன. சில பெட்டிகளுக்குக் கழுத்து முளைத்தது, கம்பி ஏறியது. அந்தச் சிலவற்றின் கதைதான் இது.

மரம்

உயர்ந்த ரகப் பெட்டிக்கு மரம் மத்திய அமெரிக்காவின் காடுகளிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்தது. வணிகத்தில் ஸ்பானிஷ் சீடர் என்பார்கள், தாவரவியலில் செட்ரெலா ஒடோரேட்டா. தேவதாருவுக்கும் இதற்கும் உறவில்லை. மகோகனியும் நம் வேம்பும் இருக்கும் குடும்பத்தில் பிறந்தது. எடை குறைவு, உளிக்கு எளிதில் இணங்கும், ஈரம் ஏறி இறங்கினாலும் அதிகம் முறுக்காது. அதன் வாசனை புகையிலைக்கு இசைந்து போகும், பூச்சியையும் தள்ளி வைக்கும் என்று சுருட்டுக்காரர்கள் அதற்குத் தனி மதிப்பு வைத்திருந்தார்கள்.

இதே மரத்தைத்தான் ஸ்பெயின் மரபில் கிட்டார் செய்பவர்கள் கழுத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். எடையில்லாமலும் வளையாமலும் இருக்க வேண்டும் என்பதே அங்கும் காரணம். கச்சேரி கிட்டாரின் கழுத்துக்கும் காலிப் பெட்டிக்கும் ஒரே காட்டு மரம் என்பது பின்னால் நடந்ததற்கெல்லாம் நல்ல சகுனம்.

மலிவான பெட்டிகளும் இருந்தன. அவை பாப்லர் போன்ற உள்ளூர் மரங்களில் செய்தவை. சீடரின் ரேகையை மேலே அச்சடித்து ஏமாற்றுவார்கள். எந்த மரமானாலும் செய்முறை ஒன்றுதான். கால் அங்குலத்துக்கும் மெல்லிய பலகை, மூலைகளில் சிறு ஆணிகள், மூடிக்குக் கீல் இடத்தில் ஒரு துணிப் பட்டை, விளிம்பு நெடுகக் காகிதக் கரை. மூடியைத் திறந்தால் உள்பக்கம் கல்லச்சில் பல வண்ணங்களில் அடித்த படம் தெரியும். அரசிகள், சிங்கங்கள், கப்பல்கள், பொன்பூசி மேடாக எழுப்பிய பதக்கங்கள். சுருட்டின் தரத்தைப் படத்தை வைத்தே மக்கள் எடைபோட்டதால் அச்சுக்காரர்கள் கஞ்சத்தனம் காட்டவில்லை. சுருட்டு தீர்ந்த பிறகும் பெட்டியைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராததற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.

முத்திரை

பெட்டியின் அளவைத் தீர்மானித்ததும் வரிதான். அதற்கு முன் சுருட்டு பெரும்பாலும் பெரிய மரப் பேழைகளில் போகும், கடைக்காரர் வேண்டிய அளவு எடுத்துக் கொடுப்பார். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் அரசாங்கத்தின் கஜானாவைக் காலி செய்தது. புகையிலைமேல் வரி வந்தது. 1868 ஆம் ஆண்டுச் சட்டம், சுருட்டை இதற்கு முன் பயன்படுத்தாத பெட்டியில் 25, 50, 100, 250, 500 என்ற கணக்கில்தான் அடைக்க வேண்டும், பெட்டிமேல் வரி முத்திரை ஒட்ட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வரி அதிகாரி எண்ண வசதியாக இருக்க வேண்டுமல்லவா?

ஐம்பது சுருட்டு அடைக்கும் பெட்டி ஏறக்குறைய 9 அங்குல நீளம் வரும். மடியில் வைத்துக்கொள்ள வசதியான அளவு. நாலு பக்கமும் அடைத்த, மெல்லிய, உலர்ந்த மரக்கூடு. ஒரு தந்தி வாத்தியத்துக்கு வேண்டிய குடத்தை வரித்துறையே அளந்து, செய்ய வைத்து, தெருமுனைக் கடை வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டது. மிச்ச வேலை ஒரு கட்டையும் கொஞ்சம் கம்பியும்தான்.

முதல் கம்பி

அந்தக் கம்பியை முதலில் கட்டியது யார் என்பதற்குப் பெயர் கிடையாது, படம் இருக்கிறது. எட்வின் ஃபோர்ப்ஸ் என்ற ஓவியர் உள்நாட்டுப் போர்க்களத்துக்குப் பத்திரிகைக்காகப் போய்ப் படம் வரைந்தவர். 1876இல் அவர் வெளியிட்ட செதுக்கோவியங்களில் ஒன்றில், பாசறையில் ஒரு சிப்பாய் பெட்டிப் பிடிலை வில்லால் இழைக்கிறான், பக்கத்தில் இன்னொருவன். பெட்டிமேல் 'ஃபிகரோ' என்ற சுருட்டுப் பெயரைக்கூட ஃபோர்ப்ஸ் விடாமல் பொறித்திருக்கிறார்.

பிறகு அது பையன்களின் கைக்குப் போனது. டேனியல் கார்ட்டர் பியர்ட் என்பவர் எழுதிய கைவேலைப் புத்தகம் 1882இல் வந்து அமெரிக்கச் சிறுவர்களிடையே பெரும் பேர் வாங்கியது. அதன் 1890 பதிப்பில் சுருட்டுப் பெட்டியில் பான்ஜோ செய்யும் முறை படத்தோடு சேர்ந்தது. இதே பியர்ட்தான் 1910இல் அமெரிக்க பாய் ஸ்கவுட் இயக்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். மழைநாள் பொழுதுபோக்காகவும், உருப்படியான கைத்தொழிற் பயிற்சியாகவும் பெட்டி வாத்தியம் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

தெற்கே, பருத்திக் காட்டில், கதையே வேறு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுரைக்குடுக்கைமேல் தோல் இழுத்துக் கட்டிக் கழுத்தும் கம்பியும் வைத்த வாத்தியங்களின் நினைவோடு வந்தவர்கள். பான்ஜோ அந்த நினைவிலிருந்து பிறந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் குடிசைச் சுவரில் ஒற்றைக் கம்பி இருந்தது. துடைப்பக் கட்டையைச் சுற்றியிருக்கும் கம்பியை அவிழ்த்து, இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்து, அடியில் ஒரு புட்டியைச் செருகி முறுக்கேற்றி, இன்னொரு புட்டியைக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பார்கள். டிட்லி போ என்று அதற்குப் பெயர். சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். சுரைக்குடுக்கை இருந்த இடத்தில் சுருட்டுப் பெட்டி உட்கார்ந்தது. பியர்டின் புத்தகத்தை அங்கே யாரும் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை.

பெட்டியில் பழகிய விரல்கள்

டெக்சஸின் சென்டர்வில் ஊரில் பிறந்த லைட்னின் ஹாப்கின்ஸ், பெட்டியில் வட்டமாக ஓட்டை போட்டு, பலகையை ஆணியடித்து, வலைக்கம்பியை உருவிக் கட்டித் தன் முதல் கிட்டாரைச் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் ப்ளூஸ் இசையில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை.

ஓக்லஹோமா சிட்டியில் சார்லி கிறிஸ்டியன் என்ற பையன் பள்ளியின் கைத்தொழில் வகுப்பில் சுருட்டுப் பெட்டிக் கிட்டார் செய்து வாசித்ததை, அதே ஊரில் படித்த எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் தன் கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார். ஏழைக் குடும்பம், பார்வை போன தகப்பனும் தெருவில் பாடிப் பிழைத்தவர். ஆனால் பையன் அந்தப் பெட்டியில் வாசித்தது விளையாட்டுச் சங்கதி அல்ல, முற்றிய இசை என்கிறார் எலிசன். 1939இல் கிறிஸ்டியன் ஜாஸ் கலைஞர் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்தார். அதுவரை தாளம் போட்டுக்கொண்டு பின்வரிசையில் இருந்த கிட்டாரை, மின்சாரம் கொடுத்து ஜாஸ் மேடையின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். 1942இல் காசநோயால் இறக்கும்போது வயது 25.

டென்னசியில் குத்தகை விவசாயக் கூலிக் குடும்பத்தில் 1932இல் பிறந்த கார்ல் பெர்கின்ஸுக்கு அப்பா சுருட்டுப் பெட்டியையும் துடைப்பக் கட்டையையும் சேர்த்து ஒரு கிட்டார் செய்து கொடுத்தார். அந்தப் பையன் வளர்ந்து 'ப்ளூ ஸ்வேட் ஷூஸ்' எழுதிப் பாடினான். கடல் தாண்டி லிவர்பூலில் நாலு இளைஞர்கள் அவன் இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டார்கள், அவன் பாட்டுகளைத் தங்கள் தட்டுகளிலும் பாடினார்கள். அந்த நால்வர் பீட்டில்ஸ்.

மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. நிஜ கிட்டார் கைக்கு வந்ததும் பெட்டியை வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பெட்டிக் கிட்டார் யாருக்கும் ஆசைப்பொருள் அல்ல, கடைக் கிட்டார் வரும்வரை காத்திருக்கும் திண்ணை. தபால் பட்டியல் கம்பெனிகள் மலிவு விலைக் கிட்டாரை ஊர் ஊராக அனுப்பத் தொடங்கியதும் அந்தக் காத்திருப்பு குறைந்தது. சுருட்டு விற்பனை 1920வாக்கில் உச்சம் தொட்டுப் பிறகு சிகரெட்டிடம் தோற்றது. மரப்பெட்டி இருந்த இடத்தில் அட்டைப் பெட்டி வந்தது. முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் மட்டும் பெட்டி வாத்தியம் ஒருமுறை தலைதூக்கியது. அதற்குப் பிறகு பரணுக்குப் போய்விட்டது.

வேலை மேஜையில்

பரணிலிருந்து பெட்டி வாத்தியம் மறுபடி இறங்கிவிட்டது. இன்று அமெரிக்காவில் கார் நிறுத்தும் கொட்டகைகளிலும் நிலவறைகளிலும் இதைச் செய்கிறவர்கள் ஏராளம். வேலையை அருகில் நின்று பார்த்தால்தான் பெட்டியின் குணம் புரியும்.

முதல் காரியம், மூடியைத் தட்டிப் பார்ப்பது. இன்றைய பெட்டிகளில் பல, மரத்தூளை அழுத்திச் செய்த பலகைமேல் காகிதம் ஒட்டியவை. அவை 'தொப்' என்று சொல்லி அடங்கிவிடும். மெல்லிய ஒட்டுப்பலகையோ அசல் சீடரோ ஆனால் பறைமாதிரி பதில் சொல்லும். பின்னது கிடைத்தால் செய்பவர் முகம் மலரும்.

கழுத்துக்கு மரக்கடையில் விற்கும் சட்டமே போதும், 3/4 அங்குலத் தடிமன், 1½ அங்குல அகலம், மூன்றடி நீளம். மேப்பிள், ஓக், பாப்லர், எதுவானாலும் ரேகை நேராக ஓட வேண்டும், முடிச்சு கூடாது. இந்தச் சட்டத்தைப் பெட்டியின் ஒரு பக்கச் சுவரில் நுழைத்து, உள்ளே குறுக்காக ஓட்டி, எதிர்ச் சுவர் வழியாக வெளியே கொஞ்சம் நீட்டிக்கொள்ளச் செய்வார்கள். மூன்று தந்தியை முறுக்கினால் இருபது கிலோவுக்கு மேல் இழுவிசை வரும். அந்த இழுப்பு முழுவதும் சட்டத்தின் இரு முனைகளுக்கு நடுவே முடிந்துவிடுகிறது, பெட்டியின் தலையில் விழுவதில்லை. சின்ன ஆணியும் பசையும் போட்ட பெட்டி நொறுங்காமல் இருப்பதன் ரகசியம் இதுதான்.

இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் வழுக்குவார்கள். சட்டம் மூடியின் அடிப்பக்கத்தை ஒட்டியே ஓடினால் மூடி அதிராது, வாத்தியம் ஊமையாகிவிடும். அதனால் பெட்டிக்குள் இருக்கப்போகும் பகுதியை மட்டும் அளந்து, மூடியின் தடிமனுக்கும் மேல் இன்னும் 1/8 அங்குலம் ஆழமாகச் செதுக்க வேண்டும். ரம்பத்தால் வரிசையாகப் பல வெட்டுகள், நடுவில் நிற்கும் சில்லுகளை உளியால் தட்டி எடுத்தல், அரத்தால் மட்டமாக்கல். முடித்துப் பெட்டியை மூடினால் சட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே ஒரு கனத்த அட்டை போய்வரும் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில்தான் ஓசை பிறக்கிறது.

வீணைக்காரர்கள் குதிரை என்று சொல்லும் பாகத்துக்கு இங்கே ஒரு மரையாணி. மூடிமேல் குறுக்காக வைத்தால் தந்தியின் அழுத்தமே அதைப் பிடித்துக்கொள்ளும், மரைப் பள்ளங்கள் தந்தி நழுவாமல் காக்கும். மேல்முனையிலும் இன்னொரு மரையாணித் துண்டு. பிருடைகள் மட்டும் கடையில் வாங்கிய பல்சக்கரம் வைத்தவை.

மெட்டு பதிப்பவர்கள் கணக்குப் போட்டாக வேண்டும். இரண்டு மரையாணிகளுக்கும் நடுவே 25 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதை 17.817ஆல் வகுத்தால் 1.403 வரும், முதல் மெட்டு அங்கே. மிச்சமிருக்கும் 23.597ஐ மறுபடி அதே எண்ணால் வகுத்தால் முதல் மெட்டிலிருந்து இரண்டாவதன் தூரம். இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு சரியாக 12.5 அங்குலத்தில், தந்தியின் பாதியில் விழும், அது மேல் ஸ்தாயி. கணக்கு பிடிக்காதவர்கள் மெட்டே வைப்பதில்லை. கோட்டு வாத்தியக்காரர் கட்டையை வழுக்குவதுபோலக் கண்ணாடிப் புட்டியின் கழுத்தைத் தந்திமேல் வழுக்கி வாசிக்கிறார்கள். பழைய டிட்லி போ கைமுறை அப்படியே தொடர்கிறது.

சுருதி சேர்ப்பதில்தான் இந்த வாத்தியத்தின் சாமர்த்தியம். கிட்டார் தந்திக் கட்டிலிருந்து நடுவிலுள்ள மூன்றை எடுத்து, ஜி, டி, மேல் ஜி என்று வைப்பது வழக்கம். நம் கணக்கில் ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், வீணையின் மூன்று தாளத் தந்திகள் பேசும் அதே ஸ்வரங்கள். இதில் காந்தாரம் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். மேற்கத்திய இசையில் ஒரு ஸ்வரக் கட்டு மகிழ்ச்சியா சோகமா என்று காட்டிக்கொடுப்பது அந்த மூன்றாம் ஸ்வரம். அது இல்லாததால் மூன்று தந்தியையும் ஒரே விரலால் எங்கே அழுத்தினாலும் அபஸ்வரம் தட்டாது. பாடுகிறவர் காந்தாரத்தைத் தன் குரலில், பெரியதற்கும் சிறியதற்கும் நடுவே தனக்குப் பிடித்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ப்ளூஸ் பாட்டுக்கு வேண்டியதும் அந்த இடம்தான்.

ஓசை என்னவோ மூக்கால் பாடுவதுதான். பெட்டிக்குள் காற்று கொஞ்சம், அதனால் மந்தரம் எழாது. தட்டினதும் பளிச்சென்று எழுந்து சீக்கிரம் அடங்கிவிடும். இதற்கு மருந்தாக வந்தது காசு அளவு உள்ள பித்தளை வில்லை. பெட்டிக் கடிகாரங்களில் 'பீப்' என்று கத்தும் அதே பீசோ தகடு. மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிரச் செய்தால் மின்சாரம் கொடுக்கும். பியர் க்யூரியும் அண்ணன் ஜாக்கும் இதில் இரண்டாவது குணத்தை 1880இல் கண்டறிந்தார்கள். மூடியின் அடியில் வில்லையைப் பசையால் ஒட்டி, இரண்டு ஒயரைப் பற்றவைத்து, ஒலிபெருக்கிக்குச் செருகும் ஜாக் ஒன்றைப் பக்கச் சுவரில் பொருத்தினால் போதும், பெட்டி கூரையைத் தூக்கும்.

இரண்டாம் சுற்று

வாத்தியம் பரணிலிருந்து இறங்கியதற்குப் பின்னால் பலர் உண்டு. பென்சில்வேனியாவில் ஷேன் ஸ்பீல் போன்ற ஆர்வலர்கள் செய்முறையைக் கேட்டவர்க்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார்கள். அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் இதற்கென்றே விழா நடந்தது. வில்லியம் ஜீல் இதன் வரலாற்றைத் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கினார். 2012 டிசம்பர் 12 அன்று நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், சாண்டி புயல் நிவாரணக் கச்சேரியில், நிர்வாணா என்ற ராக் குழுவில் மிஞ்சியவர்களோடு மேடையேறிய பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியின் கையில் இருந்தது சுருட்டுப் பெட்டிக் கிட்டார். அன்று வாசித்த 'கட் மீ சம் ஸ்லாக்' 2014இல் கிராமி பரிசும் வாங்கியது. இளமையில் மெக்கார்ட்னி தேயத் தேயக் கேட்டது கார்ல் பெர்கின்ஸை, பின்னாளில் 1981இல் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டும் பதிவு செய்தார்கள். பெர்கின்ஸின் அப்பா வேறு வழியில்லாமல் செய்த பொருளை, எந்தக் கிட்டாரும் வாங்க வசதியுள்ள மனிதர் வேண்டுமென்றே தேடி எடுத்தார்.

இந்தத் திருப்பத்தைப் பார்த்து, ஏழைகளின் வாத்தியம் பணக்காரர்களின் பொழுதுபோக்காகிவிட்டது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை. சுருட்டே கண்டிராத, கிட்டாருக்கென்றே செய்த 'சுருட்டுப் பெட்டி'கள் இப்போது உதிரிப்பாகங்களோடு கட்டாக விற்பனைக்கு வருகின்றன. மறுபுறம், அசல் சீடர் அருகிக்கொண்டிருக்கிறது. லத்தீன் அமெரிக்கக் காடுகளின் செட்ரெலா மரங்கள் 2020 முதல் சர்வதேச வனவுயிர் வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, அனுமதியில்லாமல் எல்லை தாண்டக் கூடாது. ஒரு காலத்தில் கணக்கில்லாமல் வெட்டி, சுருட்டு தீர்ந்ததும் ஓரம் கட்டிய மரம் அது.

மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும். இந்த வாத்தியத்தை உண்டாக்கியது வறுமை மட்டும் என்றால் வறுமை உள்ள இடமெல்லாம் அது முளைத்திருக்கும். கூடவே ஒரு நல்ல பெட்டி வேண்டியிருந்தது, அது ஏராளமாகக் காலியாக வேண்டியிருந்தது, காலியானபின் பழைய வேலைக்குத் திரும்ப முடியாமல் இருக்க வேண்டியிருந்தது. மூன்றும் கூடிய இடத்தில் சிப்பாயும் பருத்திக்காட்டுப் பையனும் ஸ்கவுட் சிறுவனும் ஒரே பொருளைச் செய்தார்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே. இன்று செய்பவருக்கு வறுமை இல்லை, பெட்டி இருக்கிறது. புகையிலைக் கடையில் சில டாலருக்குக் காலிப் பெட்டி கிடைக்கும், சில இடங்களில் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். வரி முத்திரையும் எச்சரிக்கைச் சீட்டும் உள்ள பழைய பெட்டி அகப்பட்டால் அனுபவசாலிகள் அதைச் சுரண்டி எடுப்பதில்லை, மேலே மெழுகு பூசி அப்படியே விட்டுவிடுகிறார்கள். வாத்தியத்துக்கு அதைவிடப் பொருத்தமான பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது.